பத்தும் பன்னிரண்டும்

கண்டியில் ஒரு வீட்டில் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது என்றால், அடையாள அட்டை எடுக்கும் வேலையும் கூடவே வந்துவிடும். பாடசாலை அதிபர் ஊடாக விண்ணப்பம் போகும். புகைப்படம் எடுக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழைத் தேட வேண்டும். அட்டை கைக்கு வந்த அன்று பிள்ளை அதை அம்மாவின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அம்மாவின் எண்ணில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் 'வீ' என்ற ஆங்கில எழுத்து. பிள்ளையின் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்தே இல்லை.

"உங்க ஐ.சி. நம்பர் மட்டும் ஏன்மா இப்படிக் கட்டையா இருக்கு?"

இரண்டையும் கொடுத்தது ஒரே ஆட்பதிவுத் திணைக்களம். வங்கியில் கணக்குத் திறக்கவும் சிம் அட்டை வாங்கவும் இரண்டும் செல்லும். அப்படியென்றால் எண்ணை ஏன் மாற்றினார்கள்? மாற்றிய பிறகும் அம்மாவின் எண் எப்படிச் செத்துப்போகாமல் இருக்கிறது? கோடிக்கணக்கான அட்டைகளிலும் படிவங்களிலும் கணினிகளிலும் ஊறிப்போன ஒரு திகதி வடிவத்தை மாற்றுவது மென்பொருள் உலகின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அதன் நல்லது கெட்டது இரண்டையும் இந்த இரண்டு அட்டைகளிலேயே பார்த்துவிடலாம்.

எண்ணுக்குள் ஒரு பிறந்தநாள்

ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம். அதன்படி 1972 முதல் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அட்டையில் உள்ள எண்ணைப் பலரும் வெறும் வரிசை எண் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அதன் முதற்பாதி ஒரு திகதி.

1985 மார்ச் 15 அன்று பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய பழைய எண் 85 என்று தொடங்கும். அது பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அடுத்த மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்கின்றன. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, ஆக 60. மார்ச்சில் 15 நாட்களைச் சேர்த்தால் 75. அவர் பெண் என்பதால் இதோடு 500ஐக் கூட்ட வேண்டும். 575 வருகிறது. ஆணாக இருந்திருந்தால் 075 என்றே நிற்கும். உங்கள் வீட்டுப் பெண்களின் எண்களை எடுத்துப் பாருங்கள். அந்த மூன்று இலக்கங்கள் 500க்கு மேல்தான் இருக்கும்.

அதன்பின் மூன்று இலக்கத் தொடர் எண். ஒரே நாளில் பிறந்தவர்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான். பிறகு ஒரே ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுதும்போது கை தவறினால் பிடித்துக்கொள்வதற்காக மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. கடைசியில் எழுத்து. தொடர் எண்ணையும் சரிபார்ப்பு இலக்கத்தையும் புள்ளிகளால் மறைத்துக்கொள்கிறேன், உண்மையில் யாருடைய எண்ணாகவும் இருந்துவிடக் கூடாது. ஆக, நம் பெண்ணின் பழைய எண் இது:

85 575 ••• • வீ

ஒருவருடைய எண்ணைப் பார்த்தவுடனே அவருடைய வயதையும் பாலையும் சொல்லிவிடலாம் என்பதை அலுவலக எழுத்தர்கள் நீண்ட காலமாக அறிவார்கள். அந்த அறிவு எழுத்தர்களின் தலையிலிருந்து கணினிக்குள் இறங்கியபோதுதான் சிக்கல்கள் தொடங்கின.

29 நாள் கொண்ட எல்லாப் பெப்ரவரிகளும்

மேலே கணக்கிட்டபோது பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தேன். 1985 லீப் ஆண்டு அல்லவே என்று கவனமான வாசகர் இடைமறித்திருப்பார். சரியான கேள்விதான். அந்த ஆண்டு பெப்ரவரிக்கு 28 நாள்தான். நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 15 என்பது 74ஆவது நாள். ஆனால் அடையாள அட்டை எண்ணில் எல்லா ஆண்டும் லீப் ஆண்டாகவே எண்ணப்படுகிறது. மார்ச் 1 எந்த ஆண்டானாலும் 061. டிசம்பர் 31 எந்த ஆண்டானாலும் 366.

இதில் ஓர் அழகு இருக்கிறது. ஆண்டு எதுவென்றே தெரியாவிட்டாலும் நாள் எண்ணை மட்டும் வைத்து மாதத்தையும் தேதியையும் சொல்லிவிடலாம். 075 என்றால் மார்ச் 15, அவ்வளவுதான். 00 என்று முடியும் ஆண்டு லீப் ஆண்டா இல்லையா என்ற குழப்பம்கூட நாளைத் தொடாது. 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு, ஆனாலும் 061 இரண்டிலும் மார்ச் 1தான். கையால் கணக்குப் போடும் எழுத்தருக்கு ஒரே ஒரு அட்டவணை போதும்.

கணினி நிரல் எழுதும் இளைஞருக்கோ இதே அழகு ஒரு பொறி. ஆண்டின் 75ஆவது நாள் எது என்று கேட்டால் எந்த நிரல்மொழியும் உடனே பதில் சொல்லும். 1985க்கு அது தரும் விடை மார்ச் 16. நம் பெண்ணுக்கு ஒரு நாள் தள்ளிப்போயிற்று. லீப் ஆண்டில் பிறந்தவர்களுக்கும் ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் விடை சரியாகவே வரும் என்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. நிரலை எழுதியவர் தன் சொந்த எண்ணை இட்டுப் பார்த்து, அவர் 1996 ஜூலையில் பிறந்தவராக இருந்தால், எல்லாம் சரி என்று விட்டுவிடுவார். லீப் அல்லாத ஆண்டுகளில் டிசம்பர் 31 பிறந்தவர்களின் கதி இன்னும் மோசம். 366 என்ற நாளே அந்த ஆண்டில் இல்லை என்று கணினி அவர்களுடைய எண்ணையே செல்லாததாக்கிவிடும்.

2000ஆம் ஆண்டுப் பிள்ளைகள்

இரண்டு இலக்க ஆண்டு ஒரு நூற்றாண்டுக்குத்தான் தாங்கும். 2000ஆம் ஆண்டு பிறந்தவர்கள், அப்போது அட்டை எடுக்கும் வயதாக இருந்த 16ஐ எட்டியது 2016இல். புதிய பன்னிரண்டு இலக்க எண் நடைமுறைக்கு வந்ததும் 2016 ஜனவரி முதல்தான். உலகம் 1999 டிசம்பரில் அஞ்சி நடுங்கிய அந்த இரண்டு இலக்கச் சிக்கல், நம் அட்டைகளுக்குப் பதினாறு ஆண்டு தாமதமாக வந்தது.

புதிய எண்ணில் ஆண்டு நான்கு இலக்கம். நாளுக்கு அதே மூன்று இலக்கம், பெண்களுக்கு அதே 500. தொடர் எண் மூன்றிலிருந்து நான்கு இலக்கமாயிற்று. சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. பழைய எண்ணைப் புதிய வடிவில் எழுத வேண்டுமென்றால் முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 நுழைத்து, எழுத்தை விட்டுவிட வேண்டும். நம் பெண்ணுடையது இப்படி ஆகும்:

1985 575 0••• •

யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. பழையதிலிருந்து புதியதற்குப் போகும் வழி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நீளத்தை வைத்தே எது பழையது, எது புதியது என்றும் சொல்லிவிடலாம். இந்த இரண்டு குணங்களும் எவ்வளவு மதிப்பு மிக்கவை என்பது இவை இல்லாத மாற்றங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும். இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டவே வேண்டும்.

போன எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். 'வீ' என்றால் வாக்களிக்கத் தகுதியுள்ளவர். சிலருடைய அட்டையில் 'எக்ஸ்' இருந்தது, பொதுவாக வாக்குரிமை இல்லாதவர்களுக்கு. ஒருவர் பிறந்த நாள் மாறாது, வாக்குரிமையோ மாறக்கூடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் வரை காத்திருந்த மலையக மக்கள் வாழும் மாவட்டம் கண்டி. ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் குடியுரிமை என்பது தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்த ஒன்று. மாறக்கூடிய ஓர் உரிமையை மாறாத அடையாள எண்ணின் வாலில் ஒட்டிவைப்பது தொழில்நுட்ப ரீதியிலும் தவறு, மனிதருக்கும் நியாயமில்லை. புதிய எண்ணில் அது இல்லாமல் போனது நல்ல காரியம்.

கட்டுகஸ்தோட்டையில் ஓர் அடகுக் கடை

இனி மென்பொருளுக்கு வருவோம். திகதியைப் படிப்பது, எழுதுவது போன்ற பொதுவான வேலைகளை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதுவதில்லை. யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பை எடுத்துத் தம் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்கிறார்கள். அதை நிரலகம் என்று அழைப்போம். நிரலகத்தின் புதிய பதிப்பு வந்தாலும், பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்டவை கெடாமல் ஓட வேண்டும். இந்தப் பண்புக்குப் பின்னிணக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கட்டுகஸ்தோட்டையில் நகை அடகு பிடிக்கும் ஒரு கடையைக் கற்பனை செய்யுங்கள். கடையின் கணினி வாடிக்கையாளர்களை ஐ.சி. எண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அந்த மென்பொருளுக்குள் ஒரு நிரலகம் இருக்கிறது. எழுத்தர் தட்டும் எண்ணை வாங்கி, இடைவெளிகளை நீக்கி, சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, ஒழுங்கான வடிவில் திருப்பித் தருவது அதன் வேலை. நம் பெண் 2014இல் ஒரு சங்கிலியை அடகு வைத்தார். பதிவேட்டில் பத்து எழுத்துகளாக அவருடைய எண் ஏறியது. ஆண்டுதோறும் வந்து வட்டி கட்டுகிறார்.

நிரலகத்தை எழுதியவர் நல்லெண்ணம் கொண்டவர். புதிய எண்முறை வந்துவிட்டதே, இனி எல்லா எண்ணையும் பன்னிரண்டு இலக்கத்திலேயே தருவோம், எல்லாம் ஒரே சீராக இருக்கும் என்று நினைத்து அடுத்த பதிப்பை வெளியிடுகிறார். அவர் செய்த கணக்கில் பிழையே இல்லை. கடைக்காரர் மென்பொருளைப் புதுப்பிக்கிறார். அடுத்த வாரம் நம் பெண் வருகிறார், அதே பழைய அட்டையை நீட்டுகிறார். எழுத்தர் எண்ணைத் தட்ட, நிரலகம் அதைப் பன்னிரண்டு இலக்கமாக்கித் தருகிறது. பதிவேட்டிலோ பத்து எழுத்துதான் இருக்கிறது. அப்படி ஒருவர் இல்லை என்கிறது கணினி. பின்னால் வரிசை நிற்கிறது. எழுத்தர் புதிதாக ஒரு பெயரைத் திறக்கிறார். இனி அந்தப் பெண் இரண்டு பேர். நகை ஒருத்தியிடம் இருக்கிறது, வட்டி கட்டியது இன்னொருத்தி.

பதிவேட்டில் எண்ணுக்கான பத்தி பத்து எழுத்து அகலத்துக்கே அமைக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சில பழைய தரவுத்தளங்கள் அகலத்துக்கு மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி இரண்டு போய்விடும். அவை தொடர் எண்ணின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். ஒரே நாளில் பிறந்த ஒரே பாலினரில் பத்துப் பேர் வரை ஒரே எண்ணுக்குள் விழுந்துவிடலாம். பிழையைப் பிடிக்கவென்று வைத்த இலக்கமும் வெட்டுப்பட்டுப் போனதால் பிழை நடந்ததே தெரியாது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்? நிரலகத்தில் பழைய செயல்பாட்டை அப்படியே விட்டுவைத்து, பன்னிரண்டு இலக்கம் தரும் புதிய செயல்பாட்டை வேறு பெயரில் பக்கத்தில் வைத்திருக்கலாம். வேண்டியவர் வேண்டியபோது மாறிக்கொள்வார். இரண்டு எண்கள் ஒருவருடையவையா என்று ஒப்பிடும் மூன்றாவது ஒன்றையும் கொடுத்திருக்கலாம். பதிவேடோ வாடிக்கையாளர் தந்த எண்ணைத் தந்தபடியே வைத்திருக்க வேண்டும், ஒப்பிடும்போது மட்டும் உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். கண்டி நகரில் வார்ட் வீதி தலதா வீதியானபோது பழைய பெயரில் வந்த கடிதங்களைத் தபால்காரர் திருப்பி அனுப்பியிருக்க முடியாது அல்லவா? பழைய செயல்பாட்டை நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே அறிவித்து, எச்சரிக்கைச் செய்தியோடு சில பதிப்புகள் ஓடவிட்டு, பிறகு பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை உயர்த்தி நீக்க வேண்டும். 3இலிருந்து 4க்குப் போகிறது என்றாலே ஏதோ உடையலாம் என்பது நிரலாளர்களுக்கு இடையிலான உடன்படிக்கை.

ஜாவா மொழியைப் பராமரிப்பவர்கள் இதை நன்றாகவே செய்தார்கள். 2017 செப்டெம்பரில் வந்த 9ஆம் பதிப்பில் திகதிகளை எழுதும் விதத்தை உலகப் பொதுவான ஒரு தரவுத்தொகுதிக்கு மாற்றினார்கள். கூடவே, பழையபடியே எழுத வைக்கும் ஒரு திருகையும் விட்டுவைத்தார்கள். அந்தத் திருகை அகற்றியது 2024இல் வந்த 23ஆம் பதிப்பில். ஏழாண்டு அவகாசம்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி

அந்தப் பொதுத் தரவுத்தொகுதியைப் பராமரிப்பது யூனிகோடு கூட்டமைப்பு. எந்த மொழியில், எந்த நாட்டில் திகதியை எப்படி எழுதுவது என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிப் பதிவுகள்கூட இருக்கின்றன. நம் கைபேசிகள் திகதி காட்டுவதும் இதை வைத்துத்தான்.

2022 அக்டோபரில் வந்த அதன் 42ஆம் பதிப்பில் ஆங்கில நேர வடிவத்தில் ஒரு நுண்ணிய மாற்றம். 3:30க்கும் 'பி.எம்.'முக்கும் நடுவிலிருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி உடையாத குறுகிய இடைவெளி ஒன்றை வைத்தார்கள். நேரம் ஒரு வரியிலும் 'பி.எம்.' அடுத்த வரியிலும் பிரிந்து கிடக்கக் கூடாது என்பதற்காக. அச்சுக்கலை அறிந்தவர் எவரும் ஆமோதிக்கும் மாற்றம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

2023 பெப்ரவரியில் குரோம் உலாவியின் 110ஆம் பதிப்பு இந்த மாற்றத்தோடு வெளிவந்ததும் பல இணையத்தளங்கள் தடுமாறின. மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்ட நேரத்தை எடுத்து, சாதாரண இடைவெளி இருக்கும் இடத்தில் வெட்டி, மறுபடி கணக்கிட்டுக்கொண்டிருந்த நிரல்கள் உலகெங்கும் இருந்தன. அந்த இடத்தில் சாதாரண இடைவெளிதான் இருக்கும் என்று யாரும் அவற்றுக்கு வாக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் நீண்ட காலம் அப்படியே இருந்ததால் அதுவே வாக்காகிவிட்டது. குரோம் பின்வாங்கி, பழைய இடைவெளியையே மீண்டும் வைத்தது.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்ற பொறியியலாளரின் பெயரால் வழங்கும் ஒரு விதி இதைத்தான் சொல்கிறது. போதிய அளவு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், நீங்கள் உறுதியளிக்காத குணங்களையும் யாராவது ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். வெளியே தெரிவதெல்லாம் ஒப்பந்தமே.

கடைசி இலக்கம் எது?

இந்த விதிக்கு இலங்கையில் நாமெல்லாரும் சாட்சி. 2020இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது யார் எந்த நாளில் வீட்டைவிட்டு வெளியே போகலாம் என்பதை அடையாள அட்டையின் கடைசி இலக்கம் தீர்மானித்தது. 1 அல்லது 2 என்றால் திங்கள், 3 அல்லது 4 என்றால் செவ்வாய், இப்படியே போய் 9க்கும் 0க்கும் வெள்ளி. எழுதும் பிழையைப் பிடிக்க வைத்த சரிபார்ப்பு இலக்கம், மரக்கறி வாங்கப் போகும் நாளைக் குறிக்கும் என்று 1972இல் யார் நினைத்திருப்பார்கள்?

இங்கேதான் இரண்டு வடிவங்களின் பொருத்தம் கை கொடுத்தது. பழைய எண்ணைப் பன்னிரண்டாக மாற்றினாலும் வாலிலுள்ள இலக்கம் மாறாது. நம் பெண்ணின் நாள் இரண்டு வடிவிலும் ஒன்றுதான். ஆனால் எண்ணின் கடைசி எழுத்தை எடு என்று அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு நிரலுக்கு அவரிடமிருந்து கிடைப்பது 'வீ'. காவல் சாவடியில் நிற்கும் மனிதர் எழுத்தைத் தாண்டி இலக்கத்தைப் பார்ப்பார், நிரலுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆண்டிலும் இதே போன்ற ஒரு குழி உண்டு. இரண்டு இலக்க ஆண்டைக் கண்டால் 69 முதல் 99 வரை 1900கள், 00 முதல் 68 வரை 2000கள் என்று எடுத்துக்கொள்வது பல கணினி அமைப்புகளில் வழக்கம். பைத்தான் மொழியும் அப்படித்தான் செய்கிறது. 55 என்று தொடங்கும் பழைய அட்டையோடு கண்டி தேசிய வைத்தியசாலைக்கு வரும் முதியவர் ஒருவரை அந்த வழக்கத்திடம் ஒப்படைத்தால், அவர் 2055இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். இன்று பழைய அட்டையை வைத்திருப்பவர் எவரும் 1900களில் பிறந்தவர்தான். ஆகவே இங்கே 19 என்று நேராகவே எழுதிவிட வேண்டும். பொது வழக்கத்தைவிட உள்ளூர் அறிவு உதவும் இடம் இது.

060 என்ற எண்

பேராதனையில் கணினிப் பொறியியல் படிக்கும் மாணவர்களிடம் இப்படியொரு நிரலகத்தை எழுதச் சொன்னால், சோதனைத் திகதிகளை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். பெப்ரவரி 28க்கு 059, மார்ச் 1க்கு 061, டிசம்பர் 31க்கு 366, பெண்களுக்கு 559, 561, 866. இவற்றை லீப் ஆண்டுக்கும் மற்ற ஆண்டுக்கும், பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியே போவதற்கு முன் அதே சோதனைகளில் பழைய விடைகளையே தர வேண்டும்.

நடுவில் விட்டது 060. அது பெப்ரவரி 29. லீப் ஆண்டில் பிறந்தவருக்குச் சரி. 85060 என்று தொடங்கும் ஓர் அட்டை வந்தால் என்ன செய்வது? 1985இல் அப்படியொரு நாளே இல்லை. செல்லாது என்று தள்ளிவிடுவதுதான் ஒழுங்கு என்று தோன்றும், மாணவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் பிறப்பு உரிய நேரத்தில் பதியப்படாமல், உத்தேச வயதுச் சான்றிதழோடு அட்டை எடுத்தவர்கள் இந்த மலைகளில் உண்டு. பல தசாப்தங்களுக்கு முன் கையால் எழுதிய பதிவில் எங்கேனும் ஒரு நாள் பிசகியிருக்கலாம். அப்படி ஓர் அட்டை இருக்குமானால் அது திணைக்களம் கொடுத்த உண்மையான அட்டை. நேற்றுவரை நிரலகம் அதை ஏற்றிருந்தால், இன்று புதிய பதிப்பு மறுப்பது அந்த மனிதரின் கணக்கையும் மருந்தையும் மறுப்பதாகும். எண்ணின் அமைப்புச் சரியா என்பது ஒரு கேள்வி, அதிலிருந்து பிறந்த திகதியைப் பெற முடியுமா என்பது வேறு கேள்வி. நிரலகம் முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் தனித்தனியே விடை சொல்லட்டும். அட்டையோடு நிற்பவரைப் பார்த்துப் பிறந்த திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ள, கவுண்டரில் இருக்கும் எழுத்தருக்குத் தெரியும்.